தனக்கொடி கண்டுபிடித்த கழித்தல் குறி

தனக்கொடி அக்கா பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தை நேராகப் பார்த்து, உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், நமக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டாரோ என்று குழம்புவார்கள். அது அவர் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அப்பா புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு பஞ்சாலையில் முப்பது வருடம் தறி ஓட்டியவர். தறிக்கூடத்து இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தும் அவர் அப்படியே பேசினார். பிள்ளைகளும் அப்படியே கற்றுக்கொண்டார்கள்.

என் பெயர் வெற்றிச்செல்வன். அக்காவோடு ஆறு வருடம் வேலை பார்த்தேன். வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் அனுப்பும் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டி, பிழை திருத்தித் திருப்பி அனுப்பும் கம்பெனிகள் அப்போது புதுச்சேரியில் பல இருந்தன. எங்களுடையது அவற்றில் நடுத்தரமானது, எழுபது பேர். நான் அங்கே சிஸ்டம் பார்ப்பவன். அக்கா பிரெஞ்சுப் பிரிவில் புரூஃப் ரீடர்.

அரசுப் பள்ளியின் பிரெஞ்சுப் பிரிவில் படித்து, பிரவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறியவர் அவர். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவராக பாரீசுக்கும் மர்செய்க்கும் போய்விட்டார்கள். பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது அக்கா வீட்டில் யாரும் அந்தக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் பிரெஞ்சு மட்டும் அவரிடம் தங்கியது. சேதராப்பட்டில் பம்ப் செட் தொழிற்சாலைக்குப் போகும் நாராயணசாமியைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணைப் பெற்று, நாற்பது வயதில் எங்கள் கம்பெனியில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மரஸ்கேல், சீவிய நான்கு பென்சில்கள், அழிரப்பர். கம்ப்யூட்டரில் திருத்துவதற்கு முன்னால் எதையும் தாளில் ஒருமுறை பார்த்தே தீர்வார்.

2006 ஜூன் மாதம் எங்களுக்கு ஒரு விநோதமான வேலை வந்தது. ஐரோப்பாவில் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியிட்டிருந்தது. அதை பிரான்சில் ஒரு பதிப்பாளர் பிரெஞ்சில் மறுபடி வெளியிட இருந்தார். விளையாட்டுக்குள் வரும் அத்தனை வாக்கியங்களையும் பிழை பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆறாயிரம் வாக்கியம்.

சுடுகிற, ஓடுகிற விளையாட்டு இல்லை அது. திரை முழுக்க ஒரு வரைபடம். ஐரோப்பாவில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்த ஊர்கள். நாம் ஒரு சிற்றரசர். பெண் கொடுக்கலாம், பெண் எடுக்கலாம், கோட்டை கட்டலாம், சண்டை போடலாம். செத்தால் வாரிசு வந்து ஆட்டத்தைத் தொடர்வார். அந்தக் காலத்து ஐரோப்பாவானதால் மதம் அதில் பெரிய விஷயம். திருச்சபையின் மதிப்பு ஒரு எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். பிஷப் ஊழல் செய்தாலோ, போப்பாண்டவர் அறிவித்த போரில் தோற்றாலோ அது இறங்கும். ரொம்ப இறங்கிவிட்டால், ஏதாவது ஒரு ஊரில் ஒரு போதகர் கிளம்பி, கோயிலில் சொல்வது தப்பு, நான் சொல்வதுதான் சரி என்பார். எங்கள் ஊர்க் கிறித்தவர்களின் பழைய வழக்கில் இப்படிப் பிரிந்து போனவர்களைப் பதிதர்கள் என்பார்கள். அந்தப் பதிதம் விளையாட்டில் ஊர் ஊராகப் பரவும். சிற்றரசராகிய நாம் என்ன செய்வது என்று விளையாட்டு நம்மைக் கேட்கும்.

அக்காவுக்கு முன்னால் வேறு ஒருவர் அந்த வாக்கியங்களை ஒருமுறை பார்த்திருந்தார். அவர் பதினான்கு இடங்களில் ஒரே சொல்லை மாற்றியிருந்தார். மூலத்தில் 'திஸ்ரான்' என்று இருந்தது. பிரெஞ்சில் நெசவாளர் என்று அர்த்தம். அந்தப் போதகரின் ஆட்களைப் பற்றிப் பேசும் இடத்தில் நெசவாளர் எங்கிருந்து வந்தார், எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்று நினைத்து, எல்லாவற்றையும் 'பதிதர்' என்று திருத்திவிட்டார்.

அக்கா அந்தத் தாளை என்னிடம் காட்டினார்.

"வெற்றி, ஒருத்தன் ஒரு எடத்துல தப்பு பண்ணுவான். பதினாலு எடத்துலயும் ஒரே தப்பப் பண்ணுவானா?"

"தெரியாமப் பண்ணியிருக்கலாம்க்கா."

"தெரியாமப் பண்றவன் மாத்தி மாத்திப் பண்ணுவான்."

அந்தச் சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் இருக்கும் நூலகத்துக்குப் போய் காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறார். பிரெஞ்சு வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் விடை கிடைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வட பிரான்சில் பதிதர்களுக்கு நெசவாளர் என்றே பெயர் இருந்திருக்கிறது. போதகர்கள் நெசவுத் தொழில் செய்தபடி ஊர் ஊராகப் போனார்கள். தறி போட்ட நிலவறைகளில் கூடிப் பேசினார்கள். அதனால் நெய்கிறவன் என்றாலே சந்தேகம்.

திங்கட்கிழமை பதினான்கு இடத்திலும் பழைய சொல்லைத் திருப்பி எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தறிக்காரர் மகள் அல்லவா.

வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு வாக்கியம் எந்த இடத்தில் வருகிறது என்று தெரியாமல் அதற்குச் சரி போட மாட்டார். சமையல் புத்தகம் பிழை பார்த்தபோது இரண்டு பதார்த்தங்களை வீட்டில் செய்து பார்த்துவிட்டு, உப்பை இரண்டு முறை போடச் சொல்லியிருக்கிறது என்று குறித்துக் கொடுத்தவர். அதனால் மானேஜர் ஹரிகிருஷ்ணனிடம் போய், விளையாட்டையே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுங்கள் என்றார்.

ஹரிகிருஷ்ணன் நல்லவர், வேலை நேரத்தில் மட்டும் கறார். "சாப்பாட்டு டயத்துல பாருங்க. சனிக்கெழம மத்தியானம் பாருங்க. மத்த நேரத்துல நான் பாக்கக்கூடாது" என்றார்.

நான் போட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் சீட்டுக்கட்டுகூடத் தொடாதவர். மவுஸ் என்கிற எலியை எங்கே அமுக்க வேண்டும் என்று நான்தான் காட்டினேன். தென் பிரான்சில் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். முதல் ஆட்டத்தில் அவருடைய சிற்றரசர் ஏழே நிமிடத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். வாரிசு இல்லை, ஆட்டம் முடிந்தது. "பாவம், கல்யாணம் பண்ணி வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். இரண்டாவது வாரத்தில் நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. விளையாட்டில் நம் ஊரில் நெசவுப் பட்டறை கட்டலாம். கட்டினால் ஒரு செய்தி வரும்: 'பட்டறைகள் பெருகுகின்றன. தறிகளின் நடுவே புதிய போதனை கைமாறுகிறது.' ஆனால் எத்தனை பட்டறை கட்டினாலும் அக்காவின் ஊருக்குப் பதிதர்கள் வரவே இல்லை. பட்டறை இல்லாத பக்கத்து ஊர்களில் மழைக் காளான் மாதிரி முளைத்தார்கள்.

எங்கள் தொழிலில் இப்படிச் சந்தேகம் வந்தால் எழுதி அனுப்ப ஒரு படிவம் உண்டு. கொயரி என்போம். அக்கா ஒரு கொயரி போட்டார். 'வாக்கியம் ஒன்று சொல்கிறது, விளையாட்டில் வேறு நடக்கிறது. எது சரி?' ஐந்து நாள் கழித்து பிரான்சிலிருந்து பதில் வந்தது. 'விளையாட்டில் எல்லாம் தற்செயல். எழுத்துப்பிழை மட்டும் பார்க்கவும்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு நீண்ட நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

"என்னாக்கா பண்றீங்க?"

"தற்செயலா இல்லையான்னு எண்ணிப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

ஒரே ஊர், ஒரே சிற்றரசர், ஒரே வருடத்தில் தொடங்குவது. இருபது ஆட்டம் பட்டறை கட்டி. இருபது ஆட்டம் கட்டாமல். ஒவ்வொன்றையும் நூறு வருடம் ஓடவிட்டுப் பதிதம் வந்ததா என்று குறிப்பது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு ஆட்டம்தான் முடியும், சனிக்கிழமை மூன்று. அப்படிக் கணக்குப் போட்டால் ஐந்து வாரம். அக்கா ஒரு நாளும் விடவில்லை. இடது கையில் தயிர்சாத ஸ்பூன், வலது கையில் எலி.

அந்த ஐந்து வாரத்தில்தான் தங்கை விவகாரம் வந்தது.

பதிதம் ஒரு ஊருக்குள் நுழைந்தால், சில நேரம் அது சிற்றரசரின் வீட்டுக்குள்ளேயே வரும். ஒரு நாள் அக்காவின் திரையில் செய்தி விழுந்தது: 'உங்கள் தங்கை புதிய போதனையை ஏற்றுக்கொண்டாள். திருச்சபை உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறது.' கீழே நான்கு பொத்தான்கள். தீயில் இடு. சிறையில் அடை. கண்டுகொள்ளாதே. அவள் சொல்வதைக் கேள்.

அக்கா எலியிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான்கையும் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் படித்தார். சுவரில் மணி இரண்டு ஆகப்போனது.

"என்னாக்கா, மாட்டிக்கிச்சா?"

"இல்ல வெற்றி. நாலுலயும் எழுத்துப்பிழை இருக்கான்னு பாக்கணும். அப்போ நாலையும் அமுக்கித்தான ஆவணும்."

ஆட்டத்தை அந்த இடத்தில் சேமித்துவைத்து, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, வருவதைப் படித்துவிட்டு, மறுபடி அதே இடத்துக்குத் திரும்புவது எப்படி என்று காட்டினேன். முதலில் நான்காவதை அமுக்கினார். பிறகு மூன்றாவது. பிறகு சிறை. கடைசியில் மிச்சம் இருந்ததையும் அமுக்கினார். 'உங்கள் தங்கை கதறவில்லை' என்று வந்தது. 'கதறவில்லை' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அக்கா அதைப் பென்சிலால் தாளில் குறித்தார். வாக்கிய எண்ணையும் எழுதினார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் சாப்பிடும்போது அவராகவே சொன்னார்.

அவருக்கு ஆதிலட்சுமி என்று ஒரு தங்கை. கனகசெட்டிக்குளத்தில் படகு எஞ்ஜின் மெக்கானிக் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு, அவரோடு ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டவர். 1999இல் அப்பா இறந்தபோது ஓடிவந்திருக்கிறார். ஆனால் வாய்க்கரிசி போட மாட்டேன், என் விசுவாசத்துக்கு ஒத்துவராது, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் மட்டும் பண்ணிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். சித்தப்பா, அரிசி போடாதவள் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆதிலட்சுமி எதிர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றபடி அப்பாவைப் பாடையில் தூக்கிப்போவதைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு ஏழு வருடம் பேச்சு இல்லை.

"சித்தப்பாவ எதுத்து நீங்க என்னா சொல்லியிருக்க முடியும்?" என்று நான் சமாதானம் சொன்னேன்.

"மூத்தவ நான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா உள்ள வந்திருப்பா. தலைய குனிஞ்சிக்கிட்டு அப்பா மேல கெடந்த பூவ எண்ணிக்கிட்டிருந்தேன். அந்த நாலுல மூணாவத அமுக்கினவ நான்." கண்டுகொள்ளாதே என்ற பொத்தானைத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கனகசெட்டிக்குளத்துக்கு பஸ் ஏறினார். அங்கே நடந்ததை ஆதிலட்சுமியும் பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

ஆதிலட்சுமி வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முதல் கேள்வியே, "யாரு செத்தா?"

"யாரும் சாவல. சும்மா வந்தேன்."

"சும்மா யாராவது வருவாங்களா?"

"வந்துட்டேன். உக்காரச் சொல்றியா, இப்புடியே திரும்பிப் போவவா?"

ஆதிலட்சுமி உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நேரம் இருவரும் மீன் விலையைப் பற்றியும் அக்கா மகள் படிப்பைப் பற்றியும் பேசினார்கள். குழம்பு கொதித்து இறங்கியது. சோற்றைப் போட்டு உட்கார்ந்ததும் ஆதிலட்சுமி கையைக் கோத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "நாங்க ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்புடுவோம். நீ சாப்புட ஆரம்பி" என்றார்.

"நீ சொல்லு. கேக்கறேன்."

ஆதிலட்சுமி சொன்னார். எப்போதும் சொல்வதைவிடக் கொஞ்சம் நீளமாகவே சொன்னாராம். அக்கா சோற்றில் கைவைக்காமல், தங்கையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் ஆதிலட்சுமி கேட்டார். "அன்னிக்கி நீ ஒண்ணுமே சொல்லலியேக்கா."

"சொல்லல. தப்புதான்."

"ம்."

அவ்வளவுதான். கிளம்பும்போது ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை அக்கா எனக்கும் கொஞ்சம் எடுத்துவந்திருந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆறு மாதம் கழித்து ஆதிலட்சுமி, அக்காவின் மகள் கையில் ஜெபக்கூட்ட நோட்டீசைக் கொடுத்து, அதனால் பெரிய சண்டை வந்தது. இரண்டு மாதம் மறுபடி பேச்சு நின்றது. இந்தமுறை தங்கை பஸ் ஏறி வந்தார். நாராயணசாமிதான் கதவைத் திறந்தவர். "உள்ள வாம்மா, அவ கோவத்துலதான் இருக்கா. இருந்தாலும் வா" என்றாராம்.

நாற்பது ஆட்டமும் முடிந்த நாளில் அக்கா நோட்டை என் மேசையில் வைத்தார். பட்டறை கட்டாத இருபதில் பதினொரு முறை பதிதம் வந்திருந்தது. கட்டிய இருபதில் இரண்டே முறை.

"இது தற்செயல் இல்ல வெற்றி. எங்கயோ தலகீழா எழுதியிருக்கான். அந்த எழுத்த நான் பாக்கணும்."

பார்க்க முடியும். அந்த விளையாட்டின் விதிகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே உள்ளே கிடந்தன. எந்த நிலையில் எந்தச் செய்தி வரவேண்டும், எது எவ்வளவு ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று வரிவரியாக. பதிதத்துக்கான கோப்பைத் திறந்து காட்டினேன். நாலாயிரம் வரி. கம்ப்யூட்டர் ஆட்களான நாங்கள் இப்படிப்பட்ட கோப்பில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவோம்; அங்கங்கே தாவுவோம். அக்கா அப்படிச் செய்யவில்லை. மரஸ்கேலைத் திரைமேல் படுக்கையாக வைத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே படித்தார். அது கம்ப்யூட்டர் மொழி, அவருக்குத் தெரியாதது. ஆனால் பழகப் பழக அதன் நடை பிடிபட்டுவிட்டது. எங்கே அடைப்புக்குறி திறக்கும், எங்கே மூடும், எந்தச் சொல்லுக்குப் பின்னால் எண் வரும் என்று இரண்டாம் நாளே சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் ஒன்றே முக்காலுக்கு ஸ்கேல் நின்றது.

"இங்க வா. இந்தக் கோடு என்னா கோடு?"

நெசவுப் பட்டறை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து என்ற எண். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. கழித்தல் குறி. பட்டறை இருந்தால் பதிதம் பரவும் வாய்ப்பு இருபத்தைந்து கூட வேண்டும் என்று எழுத நினைத்தவர், இருபத்தைந்து குறைய வேண்டும் என்று எழுதிவிட்டார். மேலேயும் கீழேயும் உள்ள வரிகளெல்லாம் குறைக்கும் வரிகள். அந்த வேகத்தில் கை போட்டுவிட்ட கோடு. இரண்டு வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் விளையாடியும் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கொயரியை எடுத்துக்கொண்டு போனபோது ஹரிகிருஷ்ணன் தயங்கினார். "கிளையண்ட் ஒருதடவ வேணாம்னு சொல்லிட்டான். நம்ம வேல எழுத்துப்பிழ பாக்கறது. அவன் கேமுல என்னா நடந்தா நமக்கென்னா?"

"வாக்கியம் பொய் சொல்லுது சார். பொய் சொல்ற வாக்கியத்துக்கு நான் எப்புடி சரின்னு டிக் போடறது?"

"அவன் கோச்சிக்கிட்டு அடுத்த வேலய வேற எங்கயாவது குடுத்துட்டான்னா?"

"எம்பேரப் போட்டு அனுப்புங்க. கோச்சிக்கறதா இருந்தா எம்மேல கோச்சிக்கட்டும்."

ஹரிகிருஷ்ணன் நோட்டை வாங்கி நாற்பது வரியையும் பார்த்தார். பிறகு கம்பெனி பெயரையும் போட்டே அனுப்பினார். அதை நான் அவர் கணக்கில் சொல்லியாக வேண்டும்.

மூன்று வாரம் பதில் இல்லை. ஹரிகிருஷ்ணன் ஒன்றும் கேட்கவில்லை என்றாலும், பிரான்சிலிருந்து போன் வந்தால் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். நாலாவது வாரம், விளையாட்டை எழுதிய ஆட்களில் ஒருவரே நேராக அக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். சுமாரான பிரெஞ்சில் இருந்தது. அக்கா அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்: "அம்மையார் அவர்களுக்கு, நீங்கள் சொன்னது சரி. அந்த வரியை எழுதியவன் நான். வெட்கமாக இருக்கிறது. நெசவாளர்கள்தான் பரப்புவார்கள் என்று உங்களுக்கு அவ்வளவு உறுதியாக எப்படித் தெரிந்தது?"

இரண்டு நாள் யோசித்து ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினார் அக்கா. அதன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தால், அந்தச் சேதி மில்லுக்குள் எப்படி நகரும் என்று எழுதியிருந்தார். மேஸ்திரி கண்ணெதிரிலேயே நிற்பார். அவர் காதில் தறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் விழாது. ஆனால் முதல் தறியில் உதடு அசைந்தால், ஒரு ஷிப்டு முடிவதற்குள் கடைசித் தறிவரை சேதி போய்ச் சேர்ந்துவிடும். இரைச்சலாக இருக்கும் இடத்தில் ரகசியம் பேசுவதுதான் சுலபம் என்று அப்பா சொல்வார் என எழுதி, 'உங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆட்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் அப்பாவின் ஆட்கள் பேசிக்கொண்டது தெரியும்' என்று முடித்திருந்தார்.

அடுத்த வருடம் திருத்திய விளையாட்டு வந்தது. ஒரு பெட்டி தபாலில் வந்து சேர்ந்தது. உள்ளே கையேட்டின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், பள்ளிச் சான்றிதழில் உள்ளதைப் போலவே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அக்காவின் பெயர் இருந்தது, பக்கத்தில் பொந்திஷேரி. நாராயணசாமி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். என்ன விளையாட்டு, எதற்கு நன்றி என்று யாருக்கும் அவரால் விளக்க முடியவில்லை. "எங்க வூட்டுக்காரி ஒரு கோட்டக் கண்டுபுடிச்சா" என்று மட்டும் சொன்னாராம்.

வேலை முடிந்தும் அக்கா விளையாட்டை விடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசும் இணையதளம் ஒன்றில் ஒரு புனைபெயரில் சேர்ந்தார். பதிதம் எப்படித் தோன்றுகிறது, எதனால் பரவுகிறது, எப்போது அடங்குகிறது என்று நீண்ட குறிப்பு ஒன்றை எழுதினார். எரித்தால் அந்த ஊரில் அடங்கும், பயந்து ஓடுகிறவர்கள் சுற்றியுள்ள நான்கு ஊரில் முளைப்பார்கள். சிறையில் அடைத்தால் பத்து வருடம் நிம்மதி. பிறகு அடைபட்டவரின் மகன் வருவான். பிஷப்பை மாற்றினால் பாதிப் பேர் தானாகத் திரும்பி வருவார்கள். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து எழுதியது. லியோனில் இருந்து ஒரு பேராசிரியர் அவரோடு மூன்று வாரம் சண்டை போட்டு, கடைசியில் ஒத்துக்கொண்டார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது.

2009இல் நான் சென்னைக்கு வேலை மாறினேன். அக்கா அப்போது பிரெஞ்சுப் பிரிவின் தலைவர். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திரையில் அதே வரைபடம். ஆனால் அதில் நான் அதுவரை பார்க்காத ஒரு செய்தி விழுந்திருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு, அபூர்வமாக நடப்பது. பதிதர்கள் கையில் உள்ள ஊர்களின் எண்ணிக்கை, பழைய திருச்சபையின் ஊர்களைத் தாண்டிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து பதிதமே மதம் ஆகிவிடும். பழைய மதம் பதிதம் ஆகிவிடும். அக்கா அவர்களை அடிக்காமல் விட்டுவிட்டு, நூற்றிருபது வருடம் பொறுமையாக ஆடியதில் அது நடந்துவிட்டது. இப்போது பழைய பிஷப் கைதியாக அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கீழே பொத்தான்கள்.

"நேத்து வரைக்கும் இவுரு தீர்ப்பு சொல்லிக்கிட்டிருந்தாரு. இன்னிக்கி இவுருக்கு நான் சொல்லணுமாம்" என்றார் அக்கா.

"என்னா பண்ணப் போறீங்க?"

"பழைய கோயில அவுருகிட்டயே வுட்டுர்றேன்."

"ரெண்டு மதம் ஒரே ஊர்ல இருந்தா உங்க ஆட்சி பலம் கொறையும்க்கா. நீங்கதான அந்தக் குறிப்புல எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கேன். கொறையும்."

குறைந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் பக்கத்துச் சிற்றரசர்கள் மூவர் சேர்ந்துகொண்டு படையெடுத்தார்கள். உள்ளூர்ப் பிரபுக்கள் எதிரிப் பக்கம் சாய்ந்தார்கள். அக்கா ஒவ்வொரு கோட்டையாக விட்டுக்கொடுத்துக்கொண்டே, வரும் ஒவ்வொரு செய்தியையும் முழுக்கப் படித்தார். கோட்டை விழுகிற செய்தி ஒன்றில் ஒருமை பன்மைப் பிழை இருந்தது. அதைத் தாளில் குறித்துக்கொண்டார். கடைசிக் கோட்டையும் போன பிறகு, இந்த வம்சத்துக்கு ஆளத் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்து நின்றது.

அக்கா அதை உதட்டை அசைத்துப் படித்தார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எலியை எடுத்து, புதிய ஆட்டம் என்ற இடத்தில் அமுக்கினார்.